கூண்டினுள் தளரும் இருதயம்

வாஷிங்டன் நகரத்தின் தேசிய மிருகக்காட்சிசாலையில் 2006-ஆம் வருஷம் ஜூலை மாதம் 1-ஆம் தேதி குஜா என்னும் ஆண் கொரில்லா இறந்தது. அதற்கு வயது 23. தளர்ந்துபோன அதன் இருதயத்துக்கு, மனிதருக்குச் செய்வதைப் போன்றே சிகிச்சை செய்ய மருத்துவர்கள் முயன்றுகொண்டிருந்த வேளையிலேயே அதன் உயிர் பிரிந்தது. காவலர்கள் அந்தத் துக்கத்திலிருந்து மீளுமுன், 3-ஆம் தேதியன்று, 34 வயதான மோப்பி என்னும் மற்றோர் ஆண் கொரில்லாவும் இருதய நோயாலேயே மாண்டது. மூன்று நாட்களுக்குள் இரண்டு மரணம் என்றால், தொற்றுநோய் புகுந்துவிட்டதென்றோ ஆகாரத்தில் விஷம் கலந்துவிட்டதென்றோ எவரும் ஐயுறுவது இயல்பே. ஆனால் கூண்டில் வளரும் கொரில்லாக்களின் மரணக் கணக்கை முன்பே பார்த்திருந்தவர்களுக்கு, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்ததுதான் அதிர்ச்சியே தவிர, இரண்டும் இருதயத்தால் நேர்ந்ததில் புதுமை ஒன்றுமில்லை. வட அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளில் இறந்த கொரில்லாக்களை ஆராய்ந்து மீஹன், லோவன்ஸ்டைன் என்னும் இருவர் 1994-இல் வெளியிட்ட கணக்கில், வயது வந்த கொரில்லாக்களின் மரணங்களில் 41 சதவீதம் இருதயத்தையும் ரத்தக் குழாய்களையும் பற்றிய நோய்களால் நேர்ந்தவை என்று கண்டிருந்தது. அவற்றுள்ளும் ஆண்களே மிகுதி.

இவ்விடத்தில் வாசகர் மனத்தில் உடனே எழக்கூடிய சித்திரம் ஒன்று உண்டு. உடலுழைப்பின்றி உட்கார்ந்து, வேளை தவறாமல் தின்று, கொழுத்து, ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்து, ஒரு நாள் திடீரென்று மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடும் நகரவாசியின் சித்திரந்தான் அது. மனிதனுக்கு மிக நெருங்கிய உறவான பிராணி, மனிதனைப் போலவே நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு, மனிதன் கையாலேயே உணவுண்டு வாழும்போது, மனிதனுக்கு வரும் நோயே அதற்கும் வந்தது என்று முடிவு கட்டிவிடுவது எளிது. பார்க்கப்போனால் அந்த முடிவில் நம்முடைய மனச்சாட்சிக்கு ஒரு திருப்தியும் இருக்கிறது. ஆனால் இறந்த கொரில்லாவின் இருதயத்தை அறுத்துப் பார்த்தவர்கள் கண்டது வேறு.

நம்மிடையே பெரும்பாலான இருதய மரணங்களுக்கு மூலம், இருதயத்துக்கே ரத்தம் ஊட்டும் மகுடத் தமனிகளில் உண்டாகும் அடைப்பு. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் பல்லாண்டுகளாகப் படிந்து மேடிட்டு, ஒரு சமயம் அம்மேடு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட, அத்தமனியை நம்பியிருந்த தசைப்பகுதி சில மணி நேரத்தில் மடிந்துபோகிறது. கொரில்லாவின் தமனிகளோ பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. அதன் இருதயத் தசையை மெல்லிய சீவல்களாக அரிந்து, நார்ப்பொருளை மாத்திரம் நீலமாகக் காட்டும் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். சிவந்த தசைநார்கள் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கவேண்டிய இடத்தில், நெற்பயிருக்கிடையே கோரை படர்ந்தாற்போல, நீலநிற நார்க்கற்றைகள் ஒவ்வொரு தசைநாரையும் சூழ்ந்து பிரித்துக்கொண்டு பரவியிருக்கும். சில இடங்களில் தசையே காணாமற்போய் நாரே மிஞ்சியிருக்கும். இவ்விதம் இறுகிப்போன இருதயம் நன்றாக விரிந்து ரத்தத்தை ஏற்கவும் மாட்டாது, நன்றாகச் சுருங்கி அதை வெளியேற்றவும் மாட்டாது. அதைவிட அபாயகரமானது ஒன்றுண்டு: இருதயத் துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் இந்த நார்த்திட்டுகளில் மோதித் தடுமாறி வழிதப்பிச் சுழன்றால், அதுகாறும் நோயின் அறிகுறி எதையும் காட்டாதிருந்த பிராணி, தின்றுகொண்டிருக்கும்போதே சாய்ந்து இறந்துவிடும். நார்மிகு இருதயத்தசை நோய் என்று நாம் இதனைச் சொல்லலாம்.

சிம்பன்ஸிகளிடத்திலும் இதே கதைதான் என்பதைத் தெளிவாக நிறுவியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸான் டியாகோ பிரிவைச் சேர்ந்த நோய்க்குறியியல் நிபுணர் நிஸ்ஸி வர்க்கியும் அவருடைய சகாக்களும் ஆவர். அவர்கள் 2009-இல் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: மனிதனுக்கும் சிம்பன்ஸிக்கும் இருதய நோய் சகஜம், ஆனால் அவ்விரண்டு நோய்களின் போக்கும் வெவ்வேறு. இதில் விசித்திரம் என்னவெனில், கூண்டில் வளரும் சிம்பன்ஸிகளின் ரத்தத்தில் கொலஸ்டிரால் நம் மருத்துவர்களைக் கவலைப்படுத்தும் அளவில் இருப்பதுண்டு. தமனி அடைப்புக்குத் துணைபோவதென்று கருதப்படும் வேறொரு கொழுப்புப் புரதமும் அவற்றிடம் மிகுதி. அந்தப் பரிசோதனைத் தாளை மனிதனுடையதென்று நினைத்துப் பார்க்கும் டாக்டர் உடனே மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார். ஆயினும் மாரடைப்பு அவற்றுக்கு அபூர்வமாகவே நேர்கிறது.

அப்படியானால், விளக்கம் வேண்டி நிற்கும் அதிசயப் பிராணி எது? கொரில்லாவும் சிம்பன்ஸியும் ஏன் நம்மைப் போல நோயுறவில்லை என்று கேட்பதைவிட, நாம் ஏன் அவற்றைப் போலன்றி இப்படி நோயுறுகிறோம் என்று கேட்பதே பொருத்தம் என்று கருதுகிறேன். இக்கேள்விக்கு ஒரு பதிலைத் தேடியவர் நிஸ்ஸியின் கணவர் அஜித் வர்க்கி. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் பயின்று பின்னர் அமெரிக்கா சென்ற இவர், உயிரணுக்களின் மேற்பரப்பில் அரும்பு அரும்பாக நிற்கும் ஸயாலிக் அமிலம் என்னும் சர்க்கரைப் பொருளை ஆயுள் முழுவதும் ஆராய்ந்துவருபவர். பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் இந்த அமிலம் இரண்டு வடிவங்களில் இருக்கிறது; ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரே ஓர் ஆக்ஸிஜன் அணுதான் வேற்றுமை. ஒன்றை மற்றதாக மாற்றும் மரபணு, சுமார் இருபது அல்லது முப்பது லட்சம் வருஷங்களுக்கு முன் நம் மூதாதையரிடம் பழுதாகிப்போயிற்று. சிம்பன்ஸிக்கும் கொரில்லாவுக்கும் அது இன்றும் வேலை செய்கிறது. எலிகளில் அதே மரபணுவைச் செயலற்றதாக்கிப் பார்த்தபோது, அவற்றின் தமனிகளில் படிவு ஏறக்குறைய இரு மடங்காயிற்று என்று 2019-இல் வர்க்கியின் குழுவினர் தெரிவித்தனர். எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேர்ந்திருக்கும் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. எனினும் மாரடைப்பு என்பது பட்டணத்து வாழ்க்கை மாத்திரம் தந்த வரமன்று, அதன் விதை நம் இனத்தின் உடலிலேயே நெடுங்காலத்துக்கு முன் ஊன்றப்பட்டது என்னும் அபிப்பிராயத்துக்கு இது வலுவூட்டுகிறது.

இவ்வளவும் மனிதனுடைய தமனியைப் பற்றிய விளக்கம். கொரில்லாவின் இருதயத்தில் நார் ஏன் படர்கிறது என்பதற்கு இதில் விடை கிடையாது. அதற்கு நாம் கூண்டுக்கே திரும்பவேண்டும்.

முதலில் ஆகாரம். மிருகக்காட்சிசாலைப் பிராணிகளுக்கு இன்னது தரவேண்டும், இவ்வளவு தரவேண்டும் என்று சாஸ்திர முறைப்படி வகுத்த பெருமை பிலடெல்பியாவுக்கு உரியது. அங்கே ராட்கிளிஃப் என்னும் நிபுணர் 1935 முதல், கண்டதையும் போட்டு வளர்க்கும் பழக்கத்தை ஒழித்து, சத்துக்களை அளந்து கலந்த உணவை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சத்துக் குறைவால் குட்டிகளும் குரங்குகளும் செத்து விழுந்த காலம் அது. ஆகவே இந்தச் சீர்திருத்தம் எத்தனையோ உயிர்களைக் காத்தது என்பதில் சந்தேகமில்லை. அந்த எண்ணத்தின் வழிவந்ததுதான், தானிய மாவையும் வைட்டமின்களையும் சேர்த்துப் பிசைந்து சுட்டெடுக்கும் குரங்கு பிஸ்கட்டு. கெடாது, சிந்தாது, எண்ணிக் கொடுக்கலாம். பஞ்சத்துக்கு மருந்தாய் வந்தது நித்திய போஜனமாக நிலைத்துவிட்டது.

காட்டில் வாழும் கொரில்லா தின்பதோ இலையும் தண்டும் மரப்பட்டையும் நார் மிகுந்த பழமும். அதன் பெருங்குடல் ஒரு பெரிய நொதிப்பானை. நாம் செரிக்கமாட்டாமல் கழிக்கும் நாரை அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து சிறு கொழுப்பமிலங்களாக மாற்றித் தருகின்றன. காட்டுக் கொரில்லா பெறும் சக்தியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, ஏறத்தாழ 57 சதவீதம், இந்த வழியாகவே கிடைக்கிறது என்று 1997-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. உணவிலிருந்து நேரே பெறும் கொழுப்போ மூன்று சதவீதத்துக்கும் குறைவு. இத்தகைய வயிற்றுக்கு மாவையும் சர்க்கரையையும் ஊட்டினால் அந்த நுண்ணுயிர்க் குடிகளின் சமுதாயமே மாறிப்போகும். மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் கொரில்லாக்கள் விரும்பித் தின்னும் ஏலக்காய் இனத்துச் செடி ஒன்றுண்டு. அதன் விதையை ஐரோப்பியர் மிளகுக்கு ஈடாக வாங்கிய காலமும் இருந்தது. வீக்கத்தையும் கிருமியையும் அடக்கும் குணமுடைய அந்தச் செடி கிட்டாமற்போனதே நோய்க்கு ஒரு காரணமாகலாம் என்று சிலர் கருதுகிறார்கள். கருத்து கவர்ச்சியானதுதான்; நிரூபணம் இன்னும் போதாது.

கிளீவ்லாந்து மிருகக்காட்சிசாலையில் 2005-இல் புரூக்ஸ் என்னும் 21 வயதுக் கொரில்லா இருதய நோயால் இறந்தபின், அங்கிருந்தவர்கள் ஒரு துணிச்சலான காரியத்தைச் செய்தார்கள். எஞ்சியிருந்த பெபாக், மொகோலோ என்னும் இரண்டு ஆண்களுக்கும் 2009-இல் பிஸ்கட்டை அடியோடு நிறுத்திவிட்டார்கள். கீரை, லெட்டூஸ், குதிரை மசால், பச்சை அவரை, ஆளிவிதை; தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் பத்துப் பவுண்டுக் காய்கறி; வைட்டமின் மாத்திரைகளை வாழைப்பழத் துண்டுக்குள் ஒளித்துக் கொடுத்தார்கள். முன்னைவிட இரு மடங்கு கலோரி கொடுத்தும், ஓராண்டு கழித்து நிறுத்துப் பார்த்தபோது இரண்டும் தனித்தனியே ஏறத்தாழ 65 பவுண்டு, அதாவது முப்பது கிலோவுக்குச் சற்றுக் குறைய, இளைத்திருந்தன.

எடையைக் காட்டிலும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. கூண்டுக் கொரில்லாக்களிடம் ஓர் அருவருப்பான வழக்கம் உண்டு: தின்றதைத் தானே கக்கிக் கையில் ஏந்தி மீண்டும் தின்னும், இதனை நாள் முழுவதும் செய்துகொண்டிருக்கும். காட்டில் இவ்வழக்கம் காணப்படுவதில்லை. பிஸ்கட்டு நின்றதும் கிளீவ்லாந்தில் இதுவும் நின்றது. பிஸ்கட்டைச் சில நிமிஷங்களில் விழுங்கிவிட்டு வேலையற்று உட்கார்ந்திருந்த பிராணி, இப்போது பகலில் பாதிப் பொழுதை இலையை உதிர்ப்பதிலும் தண்டை உரிப்பதிலும் மெல்லுவதிலும் கழித்தது. பிஸ்கட்டு அதற்குப் பறித்தது நாரை மட்டுமன்று, தொழிலையும் பறித்துவிட்டது என்பது இதனால் தெரிகிறது. உணவு மாற்றத்தால் இருதயம் சீர்ப்பட்டதா என்று அவசரப்பட்டுக் கேட்கலாகாது. ஏற்கனவே படர்ந்த நார் கரைந்துபோவதில்லை; பிறந்தது முதல் இவ்விதம் வளர்ந்த கொரில்லாக்கள் முப்பது வயதை எட்டும்போதுதான் கணக்குப் பார்க்க இயலும்.

மனத்தின் பங்கு என்ன? பிலடெல்பியாவின் ராட்கிளிஃப், தம் காட்சிசாலையில் ஆகாரம் சீர்ப்பட்ட பின்பும் பறவைகளிடத்திலும் பாலூட்டிகளிடத்திலும் தமனி நோய் பன்மடங்கு பெருகிவந்ததைக் கண்டு, கூட்டங்கள் நெருங்கி வாழ்வதால் உண்டாகும் சமூக நெருக்கடியே காரணம் என்று 1958-இல் எழுதினார். பின்னாளில் வட கரோலினாவில் கப்லான், மானக், கிளார்க்ஸன் ஆகியோர் நண்டுதின்னிக் குரங்குகளைக்கொண்டு இதனைச் சோதித்தார்கள். கூட்டத்தின் அங்கத்தினர்களை அடிக்கடி கலைத்து மாற்றி அமைத்தபோது, தமனி அதிகம் கெட்டது அடிபட்ட குரங்குக்கல்ல, ஒவ்வொரு தடவையும் தன் தலைமையைப் புதிதாக நிலைநாட்டவேண்டியிருந்த முதன்மைக் குரங்குக்கே! இருதயத்தின் படபடப்பை அடக்கும் மருந்தைக் கொடுத்தபோது அக்கேடு குறைந்தது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்: வாலுள்ள இக்குரங்குகளுக்குக் கொழுப்புணவு ஊட்டினால் நம்மைப் போலவே தமனியில் படிவு உண்டாகும். இவற்றின் அனுபவத்தைக் கொரில்லாவின் நாருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

பயம் இருதயத்தைத் தாக்கும் விதம் இதனினும் நேரானது. பார்பரா நாட்டர்ஸன் ஹோரோவிட்ஸ் என்னும் இருதய நிபுணரை 2005-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்தார்கள். நோயாளி, வெள்ளை மீசையுடைய எம்பரர் டாமரின் என்னும் கையளவு குரங்கு. அதன் இருதயம் தளர்ந்திருந்தது. மனித நோயாளிகளிடம் பழகிய வழக்கப்படி, ஆறுதலாக அதன் கண்களை அவர் உற்றுப் பார்த்தார். அங்கிருந்த கால்நடை மருத்துவர் உடனே தடுத்தார்: கண்ணோடு கண் நோக்குவது அந்தப் பிராணிக்கு வேட்டையாட வந்த பகையின் பார்வை, அந்தப் பீதியே அதைக் கொன்றுவிடும். பிடிபட்ட விலங்குகள் காயமேதுமின்றிச் சாவதைக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். தாங்கொணாத் துயரத்தால் மனிதரின் இருதயம் திடீரென்று பலூன்போல் உப்பிச் செயலிழப்பதை, ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில்தான் தனி நோயாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். ஒரே தொழிலைச் செய்த இரு சாராரும் ஒருவரோடொருவர் பேசாமலே பல தலைமுறைகளைக் கழித்திருக்கிறார்கள்.

இனி, நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? இருநூறு கிலோ எடையுள்ள கொரில்லாவைப் படுக்கவைத்து மார்பில் கருவியை வைப்பதென்றால் மயக்க மருந்து கொடுத்தாகவேண்டும். பலவீனமான இருதயத்துக்கு மயக்கமே ஆபத்து. அன்றியும், வழக்கமாகப் பயன்படும் மருந்துகளுள் சில ரத்த அழுத்தத்தையே மாற்றிவிடுவதால், அளந்து காண்பது நோயின் அளவா மருந்தின் அளவா என்ற குழப்பமும் சேரும். ஆகவே விழித்திருக்கும்போதே, அதன் சம்மதத்துடன் பரிசோதிக்கும் முறையைப் பழக்கினார்கள். கொரில்லா கம்பி வலையருகே வந்து நிமிர்ந்து மார்பை வலையோடு அழுத்திக்கொள்ளும். காவலர் தலைக்கு மேலேயிருந்து பழரசத்தை வாயில் சொட்டுச் சொட்டாக விட, கீழே குந்தியிருப்பவர் வலையின் இடுக்கு வழியே பசை தடவிய கருவியைக் கையை நீட்டி வைத்து, திரையில் வால்வுகள் திறந்து மூடுவதைப் பார்ப்பார். பழரசம் தீர்ந்தால் பரிசோதனையும் தீர்ந்தது! அட்லாண்டா மிருகக்காட்சிசாலையில், வலையில் பொருத்திய கனத்த குழாய் ஒன்றினுள் கையை நீட்டி அசையாமல் வைத்திருக்க ஆஸி என்னும் முதிய கொரில்லாவைப் பழக்கி, 2009-இல் அதன் ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். தானாக இசைந்து அழுத்தம் பார்த்துக்கொண்ட முதல் கொரில்லா அது. அது 2022-இல் இறந்தபோது அதற்கு வயது 61. இந்நோயைப் பற்றிப் பேசும்போது, கூண்டு வாழ்வு சில பிராணிகளுக்கு நீண்ட ஆயுளையும் தந்திருக்கிறது என்பதை மறைத்துவிடக்கூடாது. நீண்டு வாழ்வதனாலேயே வெளிப்படும் நோய்களும் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

இவ்வாறு பல காட்சிசாலைகளில் எடுத்த படங்களையும் அளவுகளையும் ஒன்றுசேர்க்க 2010-இல் அட்லாண்டாவில் ஓர் இயக்கம் தோன்றிற்று. பின்னர் அது டிட்ராயிட்டுக்கு மாறியது. கொரில்லா, சிம்பன்ஸி, போனபோ, ஒராங்குட்டான் ஆகிய நான்கையும் அது கவனிக்கிறது. அளவுகளைச் சேர்ப்பதில் முதல் கஷ்டம், எது சுகமான இருதயத்தின் அளவு என்பதே தெரியாதிருந்தது. அப்போது பிரிட்டனில் கார்டிப் நகரத்தில் ஆராய்ச்சி செய்துவந்த ராப் ஷேவும் அவருடைய தோழர்களும், ஆப்பிரிக்காவில் அநாதைச் சிம்பன்ஸிகளை வளர்க்கும் காப்பகங்களுக்குச் சென்று, மரமேறித் திரிந்து வாழும் சிம்பன்ஸிகளின் இருதயங்களைப் படமெடுத்தார்கள். அவர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, சிம்பன்ஸியின் இடது கீழறை நம்முடையதைவிடக் குட்டையாகவும் உருண்டையாகவும் சுவர் தடித்தும், உட்புறம் தசைமடிப்புகள் நிறைந்தும் இருக்கிறது. மரமேறுவதும் சண்டையிடுவதுமாகச் சிறிது நேரத்துக்கு மாத்திரம் கடும் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய ஜீவனுக்கு ஏற்ற அமைப்பு அது. நெடுந்தூரம் நடந்தும் ஓடியும் உணவு தேடிய மனிதனுடைய இருதயமோ நீண்டு, மெலிந்த சுவருடன், மிகுந்த ரத்தத்தை ஓயாது இறைப்பதற்கென அமைந்தது. மனித நோயாளியிடம் தடித்த சுவரைக் கண்டால் ரத்த அழுத்த நோய் முற்றியிருக்கிறது என்று எழுதும் மருத்துவர், அதே கண்ணால் சிம்பன்ஸியின் படத்தைப் பார்த்தால், சுகதேகியையும் நோயாளியாக்கிவிடுவார்.

நோய் உறுதிப்பட்டபின் கொடுக்கும் மருந்துகள், நம் வீட்டு முதியவர்களின் மாத்திரைப் பெட்டியில் இருப்பவையே. ரத்தக் குழாய்களைத் தளர்த்தி இருதயத்தின் பாரத்தைக் குறைக்கும் லிஸினோப்ரில் போன்றவையும், துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் கார்வெடிலால் போன்றவையும் அவற்றுள் முதன்மையானவை. அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில் பாபெக் என்னும் கொரில்லாவுக்கு 2004-இல் இருதயத்தின் இரு பக்கங்களையும் ஒருங்கே துடிக்கவைக்கும் மின்கருவியையே தோலுக்கடியில் பொருத்தினார்கள். அதன்பின் அது சில வருஷங்கள் உயிரோடிருந்தது. மாத்திரையைப் பொறுத்தமட்டில், எவ்வளவு கொடுப்பது என்பது இருதய நிபுணரின் கவலை. எப்படிக் கொடுப்பது என்பது காவலரின் கவலை. மறைத்து வைத்த மாத்திரையைக் கொரில்லா எளிதில் கண்டுகொள்ளும். வாழைப்பழத்தை முழுவதும் மென்று தின்றுவிட்டு, உள்ளே பொதிந்த மாத்திரையை மாத்திரம் உதட்டோரத்தில் ஒதுக்கி வைத்திருந்து, காவலர் திரும்பியதும் துப்பிவிடும். ஆதலால் இன்றைக்குத் தேனில், நாளைக்குப் பழக்கூழில் என்று காவலர்கள் மறைவிடத்தை மாற்றிக்கொண்டே வருகிறார்கள். மருந்து உள்ளே போயிற்றா என்று உறுதிசெய்துகொள்ள, வாயைத் திறந்து காட்டும் பழக்கத்தையும் அதற்குக் கற்பித்துவிடுகிறார்கள்.